தோற்றுக்கொண்டே இருக்கும் றக்பிக் கழகத்துக்குள் என்ன நடக்கிறது?

எங்கள் பக்கத்தில் ஒரு உதைபந்தாட்டக் கழகம் தொடர்ந்து நாலு மெச் தோற்றால், ஐந்தாவது மெச்சுக்கு முதலே கோச்சை மாற்றச் சொல்லிக் குரல் வந்துவிடும். மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் பின்னேரங்களில் குந்தியிருந்தவர்களுக்கு இது தெரியும். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமும் கதை வேறில்லை. இப்போது கைத்தொலைபேசியில் வெளிநாட்டு றக்பி பார்க்கத் தொடங்கியிருக்கும் பொடியன்மாரும் அதே கேள்வியோடுதான் வருகிறார்கள். என் மருமகன் கேட்டான்: "மாமா, நியூகாசில் ஒரு சீசன் முழுக்க ஒரு மெச்சும் வெல்லல்ல. கோச்ச மாத்தினா என்ன?"

அவன் சொன்னது 2023-24 சீசனை. இங்கிலாந்தின் பிரீமியர்ஷிப் தொடரில் நியூகாசில் ஃபால்கன்ஸ் கழகம் ஆடிய 18 மெச்சிலும் தோற்றது. ஆளை மாற்றாமலும் விடவில்லை. சீசன் நடுவே, 2024 ஜனவரியில், ஸ்டீவ் டைமண்ட் என்ற பழம் தின்று கொட்டை போட்ட ஆளைக் கூட்டி வந்தார்கள். அவர் வந்த பிறகும் அந்த சீசன் முடியும்வரை லீக்கில் ஒரு வெற்றி வரவில்லை. அவர் திறமையில்லாதவர் என்று இதற்கு அர்த்தமில்லை. ஜனவரியில் வருகிறவருக்குக் கிடைப்பது முந்திய இரண்டு மூன்று வருடங்களில் யாரோ எடுத்த முடிவுகளின் மிச்சம். அதை வைத்து அவர் என்ன செய்வார்?

தொழில்முறை றக்பிக் கழகம் ஒன்று ஏன் சரிகிறது, எப்படி எழும்புகிறது என்று விளங்கவேண்டுமானால் முதலில் பிடிக்கவேண்டியது இந்தக் கால இடைவெளியைத்தான். மெச் சனிக்கிழமை வரும். சம்பளம் மாத முடிவில் வரும். வீரன் ஒருவன் உருவாக ஐந்தாறு வருடம் எடுக்கும். இந்த மூன்றையும் ஒன்றை மற்றது விழுங்காமல் வைத்திருப்பதுதான் கழக முகாமைத்துவம். மற்ற எல்லாம் அதற்குள் அடங்கும்.

புதிதாக வருபவர்களுக்கு ஆட்டத்தின் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் பேசுவது 15 பேர் ஆடும் றக்பியை. ஏழு பேர் ஆடும் செவன்ஸ் வேறு. 15 பேரில் எட்டுப் பேர் ஃபோவர்ட்ஸ், ஏழு பேர் பேக்ஸ். ஃபோவர்ட்ஸ் மோதிப் பந்தை எடுப்பார்கள், பேக்ஸ் அதைக் கொண்டு ஓடுவார்கள். (இப்படி எழுதியதற்கு றக்பி தெரிந்தவர்கள் என்னை ஏசலாம். தொடக்கத்துக்கு இது போதும்.) மாற்று வீரர்கள் எட்டுப் பேரையும் சேர்த்தால் ஒரு மெச்சுக்கு 23 பேர். எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தை நிலத்தில் பதித்தால் அது ட்ரை, 5 புள்ளி. அதன்பின் கம்பத்துக்கு மேலால் உதைத்தால் இன்னும் 2. பெனல்ட்டி உதைக்கு 3. ஆட்டம் 80 நிமிடம்.

லீக் பட்டியலில் வெற்றிக்கு 4 புள்ளி, சமநிலைக்கு 2. இதோடு போனஸ் புள்ளி என்று ஒன்று உண்டு. நாலு ட்ரை அடித்தால் ஒன்று, ஏழு புள்ளிக்குள் தோற்றால் ஒன்று. தோற்றவனுக்கும் புள்ளியா என்று சிரிக்கவேண்டாம். ஒரு கழகத்தின் உண்மை நிலையை அறிய எனக்குத் தெரிந்த மிக எளிய வழி இதுதான். பத்து மெச் தோற்று அதில் ஆறில் போனஸ் புள்ளி எடுத்த கழகமும், பத்திலும் நாற்பது ஐம்பது வித்தியாசத்தில் அடிவாங்கிய கழகமும் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். முதலாவதுக்கு வேண்டியது கடைசிப் பத்து நிமிடம் தாக்குப்பிடிக்கும் உடலும், பதற்றமில்லாமல் உதைக்கும் ஒரு காலும். இரண்டாவதுக்கு அடித்தளமே போய்விட்டது.

காசு எங்கே போகிறது

றக்பி யூனியனில் (நான் பேசும் இந்த 15 பேர் ஆட்டத்தின் பெயர் அது) வீரர்களுக்கு வெளிப்படையாகச் சம்பளம் கொடுக்கலாம் என்று ஆனது 1995 ஆகஸ்ட்டில். அதுவரை ஆசிரியர், பொலிஸ், டொக்டர் என்று பகலில் வேலை பார்த்துவிட்டுப் பின்னேரம் பயிற்சிக்கு வந்தவர்கள்தான் ஆடினார்கள். பாத் கழகம் 1865இல் தொடங்கியது, வூஸ்டர் 1871இல், லெஸ்டர் 1880இல். கழகத்துக்கு ஒன்றரை நூற்றாண்டு வயது, சம்பளக் கணக்குக்கு முப்பதுதான். பல இடங்களில் இந்தக் கணக்கு இன்னும் சரிவரவில்லை.

ஏன் சரிவரவில்லை என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். பத்துக் கழகங்கள் உள்ள லீக்கில் ஒவ்வொன்றும் சொந்த மைதானத்தில் ஒன்பது லீக் மெச் ஆடும். கிண்ணப் போட்டிகளைச் சேர்த்தால் இன்னும் சில. டிக்கெட், சாப்பாடு, வாகனத் தரிப்பிடம் என்று மைதானம் உழைப்பது அந்த நாட்களில் மட்டும்தான். வீரர்களுக்கோ பன்னிரண்டு மாதமும் சம்பளம். அதுவும் நாற்பது பேருக்கு மேல் வைத்திருக்கவேண்டும், காயம் அப்படி. மிச்சத்தைத் தொலைக்காட்சி உரிமையும் அனுசரணையாளரும் நிரப்பவேண்டும். அப்படியும் நிரம்பாதபோது உரிமையாளர் தன் சட்டைப்பையில் கைவிடுவார். பிரீமியர்ஷிப் கழகங்களில் பெரும்பாலானவை நட்டத்தில்தான் ஓடுகின்றன. உரிமையாளர் ஒருநாள் கையை வெளியே எடுத்தால் கதை முடிந்தது.

முடிந்தும் இருக்கிறது. 2022-23 சீசன் தொடங்கும்போது பிரீமியர்ஷிப்பில் 13 கழகங்கள். வரிப் பாக்கி கழுத்தை நெரித்து 2022 செப்டெம்பரில் வூஸ்டர் வோரியர்ஸ், கடனில் மூழ்கிய கழகங்களைப் பொறுப்பெடுக்கும் வெளி நிர்வாகிகள் கைக்குப் போனது. ஒக்டோபரில் வீரர்களின் ஒப்பந்தங்கள் நீதிமன்றத்தில் ரத்தாகின. அதே ஒக்டோபரில் வொஸ்ப்ஸ். 35 மில்லியன் பவுண்ட் கடன்பத்திரம் வெளியிட்டு அதைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் போன கழகம் அது. ஒரே நாளில் 167 பேர் வேலை இழந்தார்கள். 2023 ஜூனில் லண்டன் ஐரிஷ். பத்து மாதத்துக்குள் மூன்று கழகம் வங்குரோத்து. அடுத்த சீசன் பத்துக் கழகங்களோடுதான் தொடங்கியது.

இந்தக் கழகங்கள் ஆளுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாமா என்றால், இல்லை. ஒரு சீசனில் வீரர் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. கொரோனாவுக்குப் பின் அது 6.4 மில்லியன் பவுண்டிலிருந்து 5 மில்லியனாகக் குறைக்கப்பட்டு, 2024-25இல் பழையபடி 6.4க்கு வந்தது. இந்த உச்சவரம்புதான் வீரர் வளர்ப்பைத் தர்மகாரியமாக இல்லாமல் கணக்கு வழக்காக மாற்றுகிறது. பெரிய பெயருள்ள ஒருவரை வாங்கினால் வரம்பில் ஒரு பெரிய துண்டு போய்விடும். கழகத்தின் சொந்த அகடமியிலிருந்து, அதாவது இளம் வீரர்களைப் பழக்கும் பிரிவிலிருந்து, வரும் இருபது வயதுக்காரனுக்கு அதில் சிறு பங்குதான் போகும். தானே வளர்த்த வீரர்களுக்காக வரம்பில் சலுகையும் உண்டு. ஆகவே நாலு நல்ல பொடியன்மாரை உருவாக்கிய கழகத்துக்கு, ஐந்தாவது இடத்தில் ஒரு உலகத்தர வீரரை வைக்கக் காசு மிஞ்சும். உருவாக்காத கழகம் எல்லா இடத்தையும் சந்தை விலைக்கு நிரப்பும். நடுத்தர ஆட்களுக்கு உயர்ந்த விலை கொடுக்கும்.

பத்தொன்பது வயதுப் பொடியன் ஒருவன்

வீரர் வளர்ப்பு என்றால் என்ன என்பதைப் பொதுவாகச் சொல்வதைவிட ஒரே ஒரு இடத்தைக் கிட்ட நின்று பார்க்கலாம்: டைட்ஹெட் ப்ரொப். சட்டை இலக்கம் 3.

ஸ்க்ரம்மில் இரு பக்கமும் எட்டெட்டுப் பேர் தோள் கோத்துக் குனிந்து தள்ளுவார்கள். முன்வரிசையின் இரண்டு ஓரத்திலும் நிற்பவர்கள்தான் ப்ரொப். அதில் வலப்பக்கம் நிற்கும் இலக்கம் 3 ஆடுபவனின் தலை எதிரணியின் இரண்டு பேருக்கு நடுவே போகும். அவனுடைய இரண்டு தோளிலும் பாரம் இறங்கும். பின்னால் நின்று தள்ளும் தன் ஆட்களின் பாரமும் அவன் முதுகுக்குள்ளாலேயே முன்னே போகவேண்டும். கழுத்தும் இடுப்பும் இதற்குப் பழகவேண்டும். ஜிம்மில் எவ்வளவு தூக்கினாலும் பாதிதான் கிடைக்கும். முழங்காலை எத்தனை பாகையில் மடிப்பது, எதிரே இருப்பவன் உள்ளே சாய்ந்தால் எந்தத் தோளைத் தாழ்த்துவது என்ற மீதிப் பாதி, ஸ்க்ரம் ஸ்க்ரம்மாக அடிவாங்கித்தான் வரும்.

இதில் ஒரு சிக்கல். பாதுகாப்புக்காக 19 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் ஸ்க்ரம்மை ஒன்றரை மீற்றருக்கு மேல் தள்ளக்கூடாது என்று விதி உண்டு. நல்ல விதி, மாற்றவேண்டியதில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள்: பாடசாலையில் நட்சத்திரமாக இருந்த பொடியன், முப்பது வயது எருமைக்கடா மாதிரி ஒருவனின் முழுத் தள்ளை முதன்முதலாக உணர்வது தொழில்முறைக்கு வந்த பிறகுதான். டைட்ஹெட் ஒருவன் தன் உச்சத்துக்கு வருவது பெரும்பாலும் இருபதுகளின் பின்பாதியில். மைதான ஓரத்தில், விங்கில் ஓடுபவன் இருபது வயதிலேயே மின்னலாம், இவனால் முடியாது.

சரி, நல்ல கழகம் அவனை என்ன செய்யும்? பதினாறு, பதினேழில் பாடசாலையில் இருக்கும்போதே அகடமிக்குள் எடுக்கும். பதினெட்டில் சின்ன ஒப்பந்தம். அப்புறம் இரண்டாம் பிரிவுக் கழகம் ஒன்றுக்கு இரவல் கொடுக்கும். சனிக்கிழமைதோறும் வளர்ந்த ஆட்களோடு ஆடுவான், திங்கட்கிழமை திரும்பி வந்து பெரியவர்களோடு பயிற்சி செய்வான். இருபது, இருபத்தொன்றில் முதல் அணியின் பெஞ்சில் இருந்து கடைசிப் பதினைந்து நிமிடம். அதுவும் முப்பது புள்ளி முன்னணியில் இருக்கும் மெச்சில் மட்டுமென்றால் பிரயோசனமில்லை. நெருக்கமான மெச்சிலும் இறக்கவேண்டும். இந்தக் கட்டத்தில் அவனுக்குப் பக்கத்தில் முப்பத்துமூன்று வயது ப்ரொப் ஒருவர் அணியில் இருந்தால், அவர் ஆடுவதைவிடச் சொல்லிக்கொடுப்பதே கழகத்துக்கு அதிக பெறுமதி.

தோற்றுக்கொண்டிருக்கும் கழகத்தில் இதே பொடியனுக்கு நடப்பது வேறு. மூத்த ப்ரொப் சம்பளம் கட்டாது என்று போய்விட்டார். அடுத்தவருக்குத் தோள் காயம். இரவலுக்கு அனுப்பியிருந்தவனை வியாழக்கிழமை திருப்பிக் கூப்பிட்டுச் சனிக்கிழமை இறக்குவார்கள். ஸ்க்ரம் சரியும், பெனல்ட்டி போகும், சரியும், பெனல்ட்டி போகும். நாற்பதாவது நிமிடத்தில் அவனை வெளியே எடுப்பார்கள். அடுத்த கிழமை சந்தையில் மிஞ்சிக் கிடந்த யாரையோ மூன்று மாத ஒப்பந்தத்தில் கொண்டுவருவார்கள். பொடியன் பெஞ்சிலும் இல்லை, இரவலிலும் இல்லை. ஆறு வருட முதலீடு ஒரு பின்னேரத்தில் கெடுவது இப்படித்தான். இதை யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை, அதுதான் கொடுமை. ஒவ்வொரு முடிவும் அந்தக் கிழமைக்குச் சரியாகத்தான் தெரியும்.

எங்கள் ஊர்க் கழகமொன்றின் கூட்டத்தில் இதன் சின்ன வடிவத்தைப் பார்த்திருக்கிறேன். பொருளாளர் கணக்குக் கொப்பியைத் திறந்து, 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பூட்ஸுக்கென்று சேர்த்த காசை இறுதிப் போட்டிக்கு வெளியூர் ஆட்கள் இரண்டு பேரை இறக்க எடுக்கலாம் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். பின் கதிரையில் இருந்த வயதானவர் மட்டும், "விதைநெல்லக் குத்திச் சோறாக்கிறீங்க தம்பிமார்" என்றார். காசு போனது, கிண்ணமும் வரவில்லை.

யார் எதைப் பார்க்கவேண்டும்

தொழில்முறைக் கழகத்தில் இதைத் தடுக்கத்தான் பொறுப்புகளைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். உரிமையாளர் காசு போடுவார். பிரதம நிறைவேற்று அதிகாரி மைதானம், டிக்கெட், அனுசரணை, வரி என்று பார்ப்பார். தலைமைப் பயிற்றுநருக்குச் சனிக்கிழமை. நடுவே றக்பிப் பணிப்பாளர் என்று ஒரு கதிரை உண்டு. பார்ப்பவர்களுக்கு அதிகம் விளங்காத கதிரை அதுதான். யாருடைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது, எந்த இடத்துக்கு அகடமியில் ஆள் வருகிறது, எந்த இடத்துக்கு வராது, ஆகவே எங்கே வாங்கவேண்டும் என்று மூன்று வருடம் முன்னே பார்ப்பது அவர் வேலை. கழகம் சரியும்போது முதலில் கெடுவது இந்த வேலைதான். பணிப்பாளரும் சனிக்கிழமையைப் பார்க்கத் தொடங்குவார், அல்லது தலைமைப் பயிற்றுநர் வேலையும் அவர் தலையிலேயே விழும். பிறகு மூன்று வருடம் கழித்து வரப்போவதை யோசிக்க அந்தக் கட்டடத்தில் ஒருவரும் இல்லை.

லெஸ்டர் டைகர்ஸின் கதை இதற்கு நல்ல உதாரணம். 2005 தொடக்கம் 2013 வரை தொடர்ந்து ஒன்பது இறுதிப் போட்டிகளில் ஆடிய கழகம். பிறகு வழுக்கியது. 2017 ஜனவரியில் றக்பிப் பணிப்பாளர் ரிச்சர்ட் கொக்கரிலை நீக்கினார்கள். பின்னர் வந்த தலைமைப் பயிற்றுநர் மட் ஓ'கொனரை 2018 செப்டெம்பரில், சீசனின் முதல் மெச் முடிந்தவுடனேயே நீக்கினார்கள். ஒரு மெச்! பலன்? 12 கழகங்களில் 11ஆவது இடம். அடுத்த சீசனும் 11. அந்த இரண்டாவது முறை அவர்கள் கீழ்ப்பிரிவுக்கு விழாததற்குக் காரணம், சம்பள உச்சவரம்பை மீறிய சரசென்ஸுக்குப் புள்ளிகள் வெட்டப்பட்டு அது கடைசிக்குப் போனது மட்டுமே.

2020இல் ஸ்டீவ் போர்த்விக் தலைமைப் பயிற்றுநராக வந்தார். அதே நேரம் கொரோனாக்காலச் சம்பளக் குறைப்புக்கு உடன்படாத சில பெரிய வீரர்கள் வெளியேறினார்கள், மனு டுய்லாகி உட்பட. பெரிய இழப்பு என்று பேசினார்கள். ஆனால் வரம்பிலும் அணியிலும் இடம் வந்தது. போர்த்விக் கவர்ச்சியாக ஒன்றும் செய்யவில்லை. தென்னாபிரிக்கா 2019 உலகக் கிண்ணத்தை வென்றபோது அதன் உடற்தகுதிப் பொறுப்பில் இருந்த அலெட் வோல்டர்ஸைக் கொண்டுவந்தார். ஸ்க்ரம், லைன்அவுட் (வெளியே போன பந்தை இரு அணி வரிசைகளுக்கும் நடுவே எறிந்து தொடங்குவது), உதை என்று அடிப்படையைத் திரும்பத் திரும்பப் பழக்கினார். சொந்த அகடமியிலிருந்து ஃப்ரெடி ஸ்டீவர்ட், ஜோர்ஜ் மார்ட்டின், ஜக் வன் பூர்ட்விலியெட் போன்ற இருபது வயதுக்காரர்கள் மேலே வந்தார்கள். முதல் சீசனில் ஆறாவது இடம். அடுத்த சீசனில், 2022 ஜூனில், சரசென்ஸை 15-12 என்று வென்று சம்பியன். அந்தப் பொடியன்மாரை அகடமிக்குள் எடுத்தது, கழகம் 11ஆவதாகக் கிடந்த காலத்தில் அங்கே வேலை செய்தவர்கள். அவர்களுக்கு யாரும் கிண்ணம் கொடுக்கவில்லை.

பாத் வேறு வழியால் வந்தது. 2022 ஏப்ரலில் குளொஸ்டரிடம் 64-0 என்று தோற்று, அந்த சீசனைக் கடைசி இடத்தில் முடித்த கழகம். அப்போது கீழிறக்கம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்ததால் தப்பியது. ஜோஹன் வன் கிரான் பொறுப்பெடுத்தார். ஃபின் ரசல், தோமஸ் டு டொய்ட் என்று பெரிய பெயர்களை வாங்கினார்கள். கூடவே டொம் டன், மக்ஸ் ஒஜோமோ போன்ற சொந்தப் பிள்ளைகளும் நின்றார்கள். 2023-24இல் இறுதிப் போட்டி, 2025இல் சம்பியன். காசு இருந்தால் எல்லாம் சரிதானே என்று கேட்கலாம். காசு முன்னரும் இருந்தது, அதே உரிமையாளர்தான். காசு எந்த வரிசையில் செலவாகிறது என்பதுதான் மாறியது.

வளர்ப்பு மட்டும் போதும் என்று நினைப்பவர்களுக்கு வூஸ்டர் இருக்கிறது. ஃபின் ஸ்மித், ஒல்லி லோரன்ஸ், டெட் ஹில் மூவரும் அங்கே வளர்ந்தவர்கள். கழகம் உடைந்ததும் ஸ்மித் நோர்த்தாம்ப்டனுக்குப் போனார், மற்ற இருவரும் பாத்துக்கு. 2024 இறுதிப் போட்டி நோர்த்தாம்ப்டனுக்கும் பாத்துக்கும் இடையில், நோர்த்தாம்ப்டன் 25-21. இரண்டு பக்கமும் வூஸ்டரின் பிள்ளைகள், வூஸ்டர் மட்டும் லீக்கில் இல்லை. 2025-26இல்தான் அந்தக் கழகம் இரண்டாம் பிரிவில் மறுபடி ஆட வந்தது. வீரர் வளர்ப்பில் அவர்களைக் குறைசொல்ல முடியாது. வரி கட்டவில்லை, அவ்வளவுதான்.

இலங்கையில் இந்த வளர்ப்பு வேலையைக் கழகங்களைவிடப் பாடசாலைகள்தான் செய்கின்றன. கண்டி திரித்துவக் கல்லூரியும் கொழும்பு றோயலும் 1945 முதல் மோதும் பிரட்பி கேடயத்துக்கு வரும் கூட்டத்தைப் பார்த்தால் விளங்கும். கண்டி, சீ.ஆர். அன்ட் எஃப்.சீ., ஹெவ்லொக், முப்படைகள், பொலிஸ் என்று கழகங்கள் அங்கிருந்து ஆள் எடுக்கின்றன. பல வீரர்களுக்குப் படையிலோ கம்பனியிலோ வேலையும் உண்டு. எங்கள் பக்கம் றக்பிக்கு அந்த மரபு இல்லை. ஆனால் இந்த வகை வளர்ப்பு எங்களுக்குத் தெரியாததல்ல. மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் விளையாட்டு வீரர்களைப் பதின்ம வயதிலிருந்து பல தசாப்தங்கள் உருவாக்கியவர் அமெரிக்கரான வெபர் அடிகள். மைதானத்துக்கு அவர் பெயர் இருப்பது சும்மா இல்லை.

இனி ஒரு கடைசி இடத்துக் கழகத்தின் மெச்சைப் பார்க்கும்போது, ஸ்கோரோடு இன்னும் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஒன்று, சீசன் நடுவே யார் ஒப்பந்தத்தை நீட்டித்துக் கையொப்பமிடுகிறார்கள் என்ற செய்தி: இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுக்காரர்கள் நின்றால் உள்ளே ஏதோ நம்பிக்கை இருக்கிறது, அவர்களே முதலில் போனால் கோச் யாராக இருந்தும் காரியமில்லை. மற்றது, இலக்கம் 18 சட்டை. பெஞ்சில் இருக்கும் மாற்று டைட்ஹெட்டின் இலக்கம் அது. அதைப் போட்டிருப்பவனுக்கு என்ன வயது, எத்தனையாவது நிமிடத்தில் இறங்குகிறான், முதல் ஸ்க்ரம் சரிந்த பிறகும் அவனை உள்ளேயே விட்டுவைக்கிறார்களா என்று பாருங்கள்.